மீண்டும் வாக்குக் கேட்பது பற்றா, கடமையா?

ஏரியும் கால்வாயும் மரமும் குப்பையும்தான் தன் முதல் வேலை என்று எடுத்துக்கொண்டு ஐந்தாண்டு உழைத்த ஓர் உள்ளாட்சி உறுப்பினர், பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் வேட்புமனு போடுகிறார். அரசியலில் அன்றாடம் நடக்கிற காரியம்தான். ஆனாலும் இதற்குள் ஓர் அறச்சிக்கல் இருக்கிறது. அவருடைய உழைப்பின் பலனை அனுபவிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் இன்னும் பிறக்கவில்லை. அவருக்கு வாக்குப் போட வேண்டியவர்களோ அந்த உழைப்பின் சிரமத்தை மட்டும் இதுவரை கண்டவர்கள். வரப்போகிறவர்களுக்காகச் செய்தேன் என்கிறவர், இருக்கிறவர்களிடம் போய் அதற்குப் பதவியைக் கேட்கலாமா? கேட்டால் அந்த உழைப்பு தொண்டாக நிற்குமா, முதலீடாக மாறிவிடுமா? பலனை எதிர்பாராத செயல்தான் உயர்ந்தது என்று பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் ஒரு பண்பாட்டில் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அப்படி வாக்குக் கேட்பது அறத்துக்கு உடன்பட்டதுதான் என்பது மட்டுமல்ல, சில நிபந்தனைகளோடு அது கடமையும் ஆகிறது என்பதே என் கருத்து.

சிக்கல் எவ்வளவு கூர்மையானது என்பது வேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். 1992இல் நிறைவேறிய 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலத்தைக் கொடுத்தன. நீர் மேலாண்மை, சமூகக் காடு வளர்ப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றை அவற்றிடம் ஒப்படைக்கக்கூடிய பொறுப்புகளின் பட்டியலில் சேர்த்தன. ஓர் ஏரியின் வரத்துக் கால்வாயை மீட்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் அளவையர் வந்து கல் நட வேண்டும். எது புறம்போக்கு, எது பட்டா என்று வருவாய்த் துறையோடு மல்லுக்கட்ட வேண்டும். கால்வாய் மேல் வீடு கட்டியவர், கடை போட்டவர், தென்னை வைத்தவர் எல்லோரிடமும் பேச வேண்டும். பிறகு சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, மதகையும் கலங்கலையும் சரிசெய்ய வேண்டும். இதற்குள் மூன்று ஆண்டு ஓடியிருக்கும். அடுத்த இரண்டு ஆண்டும் வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டால், தேர்தல் வரும்போது ஊர் பார்ப்பது செலவழிந்த பணத்தையும் வறண்ட ஏரியையும்தான். கால்வாய்க்காக இடத்தை இழந்தவர்கள் எல்லோரும் அந்த வார்டின் வாக்காளர்கள். கிணறு ஊறப்போகிறவரோ பெரும்பாலும் அடுத்த வார்டுக்காரர், கடைமடைக்காரர், அல்லது பள்ளிக்கூடமே போகாத குழந்தை. அதே பணத்தில் தெருவுக்குப் பேவர் பிளாக் பதித்து உயர்கோபுர விளக்கு நட்டிருந்தால், அடிக்கல் நாட்டு விழாவிலேயே பாதி வாக்கு சேர்ந்திருக்கும்.

பதவியை மறுபடி நாடுவதைச் சந்தேகத்தோடு பார்க்கும் மரபு நமக்குப் பழையது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. குடும்பு என்ற முப்பது ஊர்ப் பிரிவுகளிலிருந்தும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். அப்படித் தேர்ந்தவர்களிலிருந்து ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் அமைந்தன. ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனி வாரியமே இருந்தது என்பது இங்கே நாம் கவனிக்க வேண்டியது. அவர்களின் பதவி 360 நாள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. முன்பு இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. முதல் ஏற்பாட்டில் குறை கண்டு இரண்டே ஆண்டில் விதிகளை இறுக்கினார்கள் என்பதால், பதவி மனிதரை என்ன செய்யும் என்பதை அந்தச் சபை பட்டே அறிந்திருக்க வேண்டும். அது நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் சபை என்பதை மறைக்கக் கூடாது. பெண்களுக்கும் உழைக்கும் சாதிகளுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஆனாலும் அது எழுப்புகிற கேள்வி இன்றைக்கும் செல்லும்: ஏரி நன்றாக இருக்க வேண்டுமென்றால், ஏரியைப் பார்த்துக்கொள்கிறவர் பதவியைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளாமல் இருப்பதல்லவா நல்லது?

தத்துவம் இந்தச் சந்தேகத்துக்கு மேலும் வலு சேர்க்கிறது. கீதையின் கர்மயோகம் செயலில் மட்டுமே நமக்கு உரிமை தருகிறது, பலனில் தருவதில்லை. பிளேட்டோவின் ‘குடியரசு’ ஆளும் ஆசை இல்லாதவரே ஆளத் தகுந்தவர் என்று வாதிடுகிறது. தஞ்சாவூரில் பிறந்து காந்தியோடு சேர்ந்து உழைத்த ஜே.சி. குமரப்பா, 1940களில் சிறையிலிருந்து எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில் ஒருபடி மேலே போகிறார். இயற்கையிலும் மனித வாழ்விலும் அவர் ஐந்து வகைப் பொருளாதாரங்களைக் காண்கிறார். அடுத்தவரை அழித்துப் பிழைப்பது அடியில் இருக்கிறது. கைம்மாறு கருதாமல், பிறக்கும் தலைமுறைக்காகத் தன்னைக் கொடுக்கும் தாயின் சேவை உச்சியில் இருக்கிறது. ‘நீடித்த வளர்ச்சி’ என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அதன் அறத்தை எழுதிவைத்த தமிழர் அவர். அவருடைய அளவுகோலை அப்படியே வைத்தால் நம் உறுப்பினர் தோற்றுப்போவார் போலத்தான் தெரிகிறது. தாய் பிள்ளையிடம் வாக்குக் கேட்பதில்லையே.

இந்த வாதம் ஒரு முக்கியமான வித்தியாசத்தைத் தவறவிடுகிறது. பலனில் பற்று வேண்டாம் என்ற கீதையின் அறிவுரை யாருக்குச் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். களத்தை விட்டு விலகிப்போவதே தூய்மை என்று நினைத்தவனுக்குச் சொல்லப்பட்டது அது. அதன் முடிவு அவனை விலகச் செய்யவில்லை, நிற்கவே செய்தது. உலகம் நிலைகுலையாமல் இருப்பதற்காகச் செயலாற்றுவது என்ற லோக சங்கிரகக் கருத்தும் அதே உரையாடலில்தான் வருகிறது. பாதி தூர்வாரிய கால்வாயை விட்டுவிட்டு, நான் பற்றற்றவன் என்று ஒருவர் ஒதுங்கினால், அவர் காப்பாற்றிக்கொள்வது தன்னுடைய நற்பெயரை. அதுவும் ஒரு பலன்தான், அதுவும் பற்றுதான். பிளேட்டோவும் முழுக்க அந்தப் பக்கம் நிற்கவில்லை. நல்லவர் ஆள மறுத்தால் அவருக்குக் கிடைக்கும் தண்டனை தன்னைவிடக் கீழானவரால் ஆளப்படுவது என்று அதே நூலில் சொல்லி, நல்லவரைப் பொறுப்பேற்கத் தள்ளுகிறார். ஆகவே கேள்வி பதவியை நாடலாமா கூடாதா என்பதல்ல. எதன் பொருட்டு, எந்த நிலையில் நின்று நாடுகிறார் என்பதே. உத்திரமேரூர் விதிகளிலும் இதைக் காணலாம். இடைவெளி விடச் சொல்லும் விதி மூன்று ஆண்டில் தீர்ந்துவிடுகிறது. கணக்குக் காட்டாதவரைத் தடுக்கும் விதிக்கு அப்படி ஒரு முடிவு இல்லை, அது உறவுகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. அவர்கள் உண்மையில் அஞ்சியது கணக்குச் சொல்லாத அதிகாரத்துக்கு. மறுபடி வாக்குக் கேட்டு நிற்பது, முறையாகச் செய்தால், அந்தக் கணக்கை ஊர் முன்னால் வைப்பதாகும்.

நடைமுறைச் சான்றும் தொடர்ச்சியின் பக்கமே இருக்கிறது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சியில் 1996 முதல் 2006 வரை சண்முகம் தலைவராக இருந்தார். முதல் ஐந்தாண்டோடு நின்றிருந்தால் அந்த ஊர் இன்று அறியப்பட்டிருக்காது. மரக்கழிவிலிருந்து வாயு எடுத்துக் குடிநீர் மோட்டாரை ஓட்டியது இரண்டாம் பதவிக்காலத்தில். சுமார் 1.55 கோடி ரூபாயில், பெரும்பகுதி வங்கிக் கடனில், 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது 2006இல், அதாவது அவருடைய இரண்டாம் காலம் முடிகிற ஆண்டில். கடனை அடைக்கும் பொறுப்பும், மிச்ச மின்சாரத்தை விற்று வரும் வருமானமும் அடுத்து வந்தவர்களுக்குப் போயின. பற்றில்லாத செயலுக்கு நிர்வாகத்தில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மகாராஷ்டிரத்தில் அப்போது அகமதுநகர் என்று பெயர் கொண்டிருந்த வறண்ட மாவட்டத்தில், ஹிவரே பஜார் கிராமத்தின் சர்பஞ்சாக, அதாவது ஊராட்சித் தலைவராக, 1989இல் வந்த போபட்ராவ் பவார், மக்களிடம் முதலில் கேட்டதே தியாகங்களைத்தான். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது, கரும்பு போன்ற தண்ணீர் குடிக்கும் பயிர் வேண்டாம், மலைச்சரிவில் ஆடுமாடுகளை அவிழ்த்துவிடக் கூடாது, மரம் வெட்டக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் பெய்த மழையை அளந்து, அதற்கேற்ற பயிரைக் கிராம சபையில் முடிவு செய்தார்கள். அந்த ஊர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் பின்னால் நின்றது. ஆழ்துளைக் கிணறு வேண்டாம் என்ற கட்டுப்பாடு ஓர் அதிகாரியின் சுற்றறிக்கையாக வந்திருந்தால், இரவோடு இரவாக ரிக் வண்டி வந்து போயிருக்கும்.

இங்கேதான் வலுவான மறுப்பு ஒன்று எழுகிறது. பிறவாதவர்களுக்கு வாக்கு இல்லை. எனவே அவர்களின் நலனை வாக்குக்கு விடுவதே தவறு, அதை நிபுணர்களிடமும் சட்டத்திடமும் ஒப்படைக்க வேண்டும் என்கிறது அது. வருங்காலத்துக்கான பொறுப்பை அறவியலின் மையத்துக்குக் கொண்டுவந்த ஜெர்மானியத் தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ், 1979இல் வெளிவந்த தன் நூலில், நல்லெண்ணமும் அறிவும் கொண்ட சர்வாதிகாரம் இந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யக்கூடுமோ என்றுகூட யோசித்தார். அந்தக் கவலை நேர்மையானது. வேல்ஸ் நாடு 2015இல் வருங்காலத் தலைமுறைகளின் நலனுக்கென்று சட்டம் இயற்றி, அதற்கு ஓர் ஆணையரை வைத்ததும் இந்தக் கவலையால்தான். அத்தகைய சட்டங்கள் வேண்டும். ஆனால் அவை போதாது. தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. அரசு எடுத்த நல்ல முடிவுகளில் அதுவும் ஒன்று. ஆணையால் குழாய் பதிக்க முடிந்தது. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் மொட்டை மாடியைக் கழுவி, வடிகட்டித் தொட்டியின் மணலை மாற்றுவதற்கு வீட்டுக்காரரின் மனம் வேண்டும். 2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது அந்தச் சட்டம் அமலில்தான் இருந்தது. உள்ளாட்சித் தேர்தலே நடக்காத காலத்தையும் நாம் பார்த்துவிட்டோம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, பெரும்பாலான ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பர்த் தேர்தல் வரையும் நகர்ப்புறங்களில் 2022 பிப்ரவரித் தேர்தல் வரையும் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். அவர்களில் திறமையானவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் கால்வாய் ஏன் அடைபட்டது என்று வாசலில் நின்று கேட்க மக்களுக்கு ஓர் ஆள் இல்லை. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் செயல் எதுவும் ஒப்புதல் இல்லாமல் நிலைக்காது. அந்த ஒப்புதலைக் கேட்டு வாங்கும் வேலைக்குத்தான் தேர்தல் என்று பெயர்.

அடுத்த மறுப்பு இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அது உறுப்பினரின் மனதுக்குள்ளேயே பேசும். நான் தோற்றால் இதுவரை செய்ததெல்லாம் பாழாகும், ஆகவே இந்த ஓராண்டு மட்டும் ஆக்கிரமிப்பைக் கண்டுகொள்ளாமல் இருப்போம், ஜெயித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அது சொல்லும். வருங்காலத்தின் பெயராலேயே வருங்காலத்தை விற்கும் வாதம் இது. ஆயினும் எல்லாச் சமரசமும் ஒன்றல்ல. வேகத்தில் விட்டுக்கொடுக்கலாம், உண்மையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. குடியிருப்பவருக்கு மாற்று இடம் கிடைக்கும்வரை காத்திருப்பது வேறு. கால்வாயே இங்கே இருந்ததில்லை என்று தீர்மானம் போடுவது வேறு. சொல்லப்போனால், வாக்குக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பது பசுமை பேசுகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்பும்கூட. சென்னையில் ஆற்றங்கரைக் குடிசைகள் நீர்நிலைப் பாதுகாப்பின் பெயரால் அகற்றப்பட்டு, அங்கிருந்த ஏழைகள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. அதே சதுப்பு நிலத்தை விழுங்கி எழுந்த பெரிய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. யாரிடமும் வாக்குக் கேட்கத் தேவையில்லாதவர் காக்கும் இயற்கை, ஏழைகளின் செலவில் காக்கப்படுவதற்கே வாய்ப்பு அதிகம். கால்வாய் மேல் குடிசை போட்டிருக்கும் பெண்ணின் வாக்கு தனக்குத் தேவை என்பதால் ஓர் உறுப்பினர் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார் என்றால், அந்தத் தேவையை நாம் இழிவாக நினைக்கக் கூடாது. பிறவாத குழந்தைக்குச் செய்யும் நீதி, பிறந்திருக்கும் குழந்தைக்கு அநீதியாக முடியாமல் தடுப்பது அந்தத் தேவைதான்.

கடைசியாக ஒரு தத்துவ மறுப்பு. பிறக்காதவருக்குக் கடமை எப்படி இருக்க முடியும்? டெரெக் பார்ஃபிட் 1984இல் இதை மிக நுட்பமாக எழுப்பினார். நாம் இன்று எடுக்கும் பெரிய முடிவுகள் யார் யாரை மணப்பார்கள், எப்போது குழந்தை பெறுவார்கள் என்பதையே மாற்றிவிடும். ஆகவே வேறொரு முடிவு எடுத்திருந்தால் வேறு மனிதர்கள் பிறந்திருப்பார்கள். நமது முடிவால் பாதிக்கப்பட்டவர் என்று குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. தர்க்கமாக இதற்கு எளிய விடையில்லை. ஆனால் கடமை எப்போதும் பெறுகிறவரைப் பார்த்துத்தான் பிறக்க வேண்டும் என்பதில்லை. நாம் ஏற்கெனவே பெற்றதிலிருந்தும் அது பிறக்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய வீராணம் ஏரி, உத்திரமேரூர்க் கல்வெட்டுக்குரிய அதே பராந்தகன் காலத்தது. வீரநாராயணன் என்ற அவனுடைய பட்டப்பெயரைத் தாங்கியது. 2004இலிருந்து அந்த ஏரியின் தண்ணீர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னையின் வீடுகளுக்கு வருகிறது. மண் சுமந்து அந்தக் கரையைப் போட்டவர்களுக்குச் சென்னை என்றொரு நகரம் வரும் என்றே தெரியாது. அவர்களுக்கு நாம் எதையும் திருப்பித் தர முடியாது. முன்னோக்கித்தான் தர முடியும். பெயர் தெரியாதவர்களிடமிருந்து பெற்றதை, பெயர் தெரியாதவர்களுக்கு ஒப்படைக்கிறோம். இடையில் அது கெடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம் கையில் கொஞ்ச காலம் இருக்கிறது. உள்ளாட்சிப் பதவி இந்த இடைக்காலத்துப் பொறுப்பின் ஒரு சிறு துண்டு.

அப்படியானால் பற்றில்லாமல் பதவி கேட்பவரை எதைக்கொண்டு அடையாளம் காண்பது? மனதுக்குள் புகுந்து பார்க்க நம்மால் முடியாது. ஆனால் வெளியே தெரியும் அடையாளங்கள் உண்டு. தேர்தல் வருகிற கடைசி ஆண்டில் அவருடைய செலவு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்க்கலாம். மண்ணுக்குள் போகிற வேலையை நிறுத்திவிட்டு, பெயர்ப்பலகை வைக்கிற வேலைக்குத் தாவினாரா? தூர்வாரியதில் எத்தனை யூனிட் மண் எங்கே போனது, நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன, பிழைக்காததற்கு என்ன காரணம் என்று கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ கேட்பதற்கு முன்பே சொன்னாரா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, அவர் இல்லாவிட்டாலும் வேலை நடக்க வழி செய்திருக்கிறாரா? மதகைத் திறக்கும் முறை விவசாயிகளின் சங்கத்திடம் இருக்கிறதா, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரிப்பது தெருவின் பழக்கமாகிவிட்டதா, கால்வாயின் அளவு வரைபடமாகப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா? நம் மாநிலத்தில் சுழற்சி முறையில் வார்டுகளின் இடஒதுக்கீடு மாறுகிறது. 2016 முதல் பாதி இடங்கள் பெண்களுக்கு. நன்றாக உழைத்தவரும் அதே வார்டில் மறுபடி நிற்க முடியாமல் போகலாம். தொடர்ச்சி கெடுகிறதே என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் குடத்தில் ஓலையே இல்லாதிருந்தவர்களின் ஓலையைச் சேர்ப்பதற்கு அந்த விலை நியாயமானது. ஒருவர் செய்த வேலை அடுத்து வருகிற பெண்ணின் கையில், தலித் உறுப்பினரின் கையில் தடையில்லாமல் தொடர்கிறது என்றால், அந்த ஒருவர் பற்றில்லாமல் செய்தார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

எனவே ஏரியைக் காத்தவர் மறுபடி வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும்போது, பதவி ஆசை என்று அவரைத் தள்ளிவிடுவது அறமல்ல. நல்லவர் என்பதற்காகக் கணக்குக் கேட்காமல் போடுவதும் அறமல்ல. அவர் தன் கடமையைப் பாதி முடித்துவிட்டு, மீதியை நம்மிடம் கேட்டு நிற்கிறார். பிறவாதவர்களுக்கு வாக்கு இல்லை என்பது உண்மைதான். அவர்களுடைய வாக்கு நம் வாக்குக்குள் அடங்கியிருக்கிறது. குமரப்பாவின் தாய் கைம்மாறு கேட்பதில்லை என்றால், அந்தத் தாயின் இடத்தில் இருக்க வேண்டியது உறுப்பினர் மட்டுமல்ல, வாக்காளரும்தான். என் தெருவுக்கு என்ன செய்தாய் என்று மட்டும் கேட்கிற ஊரில், எவ்வளவு பற்றற்ற உறுப்பினரும் இரண்டாம் முறை பேவர் பிளாக்கைத்தான் பதிப்பார். என் பேத்தி குடிக்கப்போகும் தண்ணீருக்கு என்ன செய்தாய், அதற்காக நான் எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்கிற ஊரில், வாக்குக் கேட்பதே ஒரு நல்ல செயலாகிவிடும். வேட்பாளரின் பற்றின்மையைச் சோதிப்பதற்கு முன், அந்தக் கேள்வியைக் கேட்கத் தயாராக இருக்கிறோமா என்று வாக்காளராகிய நாம் நம்மையே சோதித்துக்கொள்ள வேண்டும்.